ஒரு பஸ் நீள இடைவெளி

நவம்பர் 1, சனி

சகலைக்கு,

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். உங்களுக்கும் எனக்கும் பேச்சு நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நானே வலிய வந்து பேசுகிறேன் என்று தப்புக்கணக்குப் போட வேண்டாம். இது பேச்சு அல்ல, அறிவிப்பு.

வருகிற திங்கட்கிழமை முதல் பெரிய சாலையில் என் பக்கத்து நடைபாதையைத் தோண்டப் போகிறார்கள். மழைநீர் வடிகால் வேலையாம். 'பாதசாரிகள் எதிர்புறம் செல்லவும்' என்று பலகை வைத்துவிட்டார்கள். 'எதிர்ப்புறம்' என்பதில் ஒற்றை விழுங்கியது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த எதிர்ப்புறம் உங்கள் புறம் என்பதுதான் இப்போது சிக்கல்.

நான் அச்சகத்துக்கு நடந்துதான் போயாக வேண்டும். அந்தச் சாலையில் காலையில் பஸ் ஏறுகிறவன், நடக்கிறவனுக்கு டாட்டா காட்டிவிட்டு அவனுக்குப் பின்னால்தான் போய்ச் சேருகிறான். ஆகவே வடிகால் வேலை முடியும்வரை நீங்கள் நடக்கும் நடைபாதையில் நானும் நடப்பேன். இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இது பள்ளம், அவ்வளவுதான்.

நீங்கள் முன்னால் போங்கள். நான் பின்னால் வருகிறேன். நமக்கு நடுவே எப்போதும் ஒரு பஸ் நீள இடைவெளி இருக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் தும்மினால் காதில் விழாத மாதிரி போக வேண்டும். சிக்னலில் நீங்கள் விளக்குக் கம்பத்தடியில் நில்லுங்கள், நான் வங்கி வாசலில் நிற்கிறேன். விசில் அடிக்கக் கூடாது.

இதையெல்லாம் ஏன் தபாலில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். உங்கள் எண்ணை என் செல்போனில் தடுத்து வைத்திருக்கிறது. தடுத்துக் கொடுத்த என் மகள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். தடையை எப்படி எடுப்பது என்று எனக்குத் தெரியாது; தெரிந்தாலும் எடுக்க மாட்டேன். என் மனைவி மூலம் உங்கள் மனைவிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றால், அக்காவும் தங்கையும் ஒரே குரலில் மறுத்துவிட்டார்கள். "நீங்க ரெண்டு பேரும் பேசாம இருக்கறதுக்கு எங்க வாய் எதுக்கு வலிக்கணும்?" என்று கேட்கிறாள் என் மனைவி. அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டதால் நீங்களும் நானும் சகலைகள் ஆனோம். வேறு எந்தப் பொருத்தமும் நமக்குள் இருந்ததில்லை.

சரிபார்க்கப்பட்டது.
(முழுக் கையெழுத்து)

*

நவம்பர் 4, செவ்வாய்

அன்புள்ள சகலைக்கு,

'அன்புள்ள' என்று போடக் கூடாது என்று நிபந்தனை ஏதும் இல்லாததால் போட்டிருக்கிறேன்.

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம்தான் வந்தது. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மருந்து கடை, ஒரு சலூன். ஆனால் கடிதம் ஊரின் அந்தக் கோடி வரை போய், முத்திரை குத்திக்கொண்டு, இளைத்துப் போய்த் திரும்பி வருகிறது. அதனால் நேற்று காலை எனக்கு விஷயம் ஒன்றும் தெரியாது. டயர் கடைப் பக்கம் வரும்போது யாரோ நம்மைப் பார்க்கிறார்களே என்று திரும்பினால், நீங்கள்! எனக்குக் கை தானாக மேலே போய்விட்டது. நீங்கள் சடாரென்று டயர் கடைக்குள் நுழைந்துவிட்டீர்கள்.

சாயங்காலம் டயர் கடைக்காரர் என்னை நிறுத்தினார். "என்ன சார், உங்க சகலை லாரி வாங்கிட்டாரா?" என்றார். "ஏன்?" என்றேன். "காலையில வந்து லாரி டயர் விலை கேட்டாரு. பின்சக்கரத்துக்கா முன்சக்கரத்துக்கான்னா, 'எல்லாத்துக்கும்'னு சொல்லிட்டு வாசலையே எட்டி எட்டிப் பாக்கறாரு."

உங்கள் கடிதத்தை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். 'பள்ளம்' என்ற இடத்தில் அவள் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். இரண்டு பேரும் ஸ்பீக்கரில் சிரித்து முடிக்கும்வரை எனக்குச் சாப்பாடு இல்லை.

நிபந்தனைகள் எல்லாவற்றுக்கும் சம்மதம். விசில் மட்டும் என் கையில் இல்லை. அது நான் அடிப்பது அல்ல, என் மாஸ்க்கின் வால்வு. புகை கூடும்போது தானாக ஊதுகிறது. டிப்போவிலிருந்து பஸ்கள் வரிசையாகக் கிளம்பும்போது ஒரு ராகமே பாடும்.

இன்னொன்று. நீங்கள் என் மேல் கோபமாக இருப்பது எனக்குத் தெரியும். எதற்கு என்றுதான் தெரியாது. உங்கள் வீட்டில் கேட்டால், "அவருக்கே தெரியும்ங்கறாரு" என்ற பதில்தான் வருகிறது. சத்தியமாகத் தெரியாது சகலை. அன்றைக்கு சிக்னல் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தீர்கள். பச்சை விழுந்ததும் நான் நேராக நடந்தேன், நீங்கள் குறுக்கே கடந்து டிப்போ சுவர் பக்கம் போய்விட்டீர்கள். நிழலுக்குத்தான் போகிறீர்கள் என்று நினைத்தேன். சாயங்காலம் நிழல் இல்லாதபோதும் அந்தப் பக்கமே வந்தபோதுதான் சந்தேகம் தட்டியது.

கடிதத்துக்கு அடியிலும் 'சரிபார்க்கப்பட்டது', கையெழுத்து! சேர்ந்து நடந்த காலத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பீர்கள்: "புரூஃப் தாள்ல என் கையெழுத்து விழுந்தா மெஷினுக்குப் போகும். விழலைன்னா என் மேசைக்கே திரும்பி வரணும், அதுதான் சட்டம்." நானும் ஆஸ்பத்திரியில் செய்து கொடுக்கும் பல்செட்டுகளுக்குக் கையெழுத்துப் போடலாம் என்று பார்க்கிறேன். வாய்க்குள் யார் குனிந்து படிக்கப் போகிறார்கள்?

என்றும் உங்கள்
சகலை

*

நவம்பர் 7, வெள்ளி

சகலைக்கு,

உங்கள் கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். 'மருந்து கடை' அல்ல, 'மருந்துக்கடை'. ஒற்றெழுத்துக்கு யாரும் காசு கேட்பதில்லை, தாராளமாகப் போடலாம். டயர் விலை கேட்டது பொது அறிவுக்காக.

இந்த வாரம் முழுக்க உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். நீங்கள் நடப்பதில்லை, ஊர்வலம் போகிறீர்கள். பேப்பர் போடுகிறவர், பேக்கரி அம்மா, வங்கிக் காவலாளி, டயர் கடைக்காரர் என்று ஒருவரையும் விடுவதில்லை. மாஸ்க் போட்ட முகங்களில் யார் யார் என்று உங்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ. போதாததற்கு உங்கள் ஷூ லேஸ். ஒரு மனிதனுடைய ஷூ லேஸ் காலையில் மூன்று இடத்தில் அவிழ்வது இயற்கை அல்ல. நீங்கள் குனியும்போதெல்லாம் இடைவெளியைக் காப்பாற்ற நானும் நிற்க வேண்டியிருக்கிறது. எனக்குப் பின்னால் வருகிறவர்கள் என்மேல் மோதுகிறார்கள். நேற்று ஒரு பெண்மணி, "வயசானவரு மயக்கம் வந்து நிக்கறாரு போல" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

உங்கள் பக்கம் பேக்கரி இருப்பது எனக்கு மறந்தே போயிருந்தது. என் பக்கம் டிப்போ வாசல். பஸ்கள் அங்கே திரும்பும்போது ஒவ்வொன்றும் என் முகத்துக்கு நேராக ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டுப் போகும். என் சட்டைக் காலர்கள் கறுத்தே போய்விட்டன. "கோபம் உங்களுக்கு, காலர் எனக்கா?" என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். கேட்டும் நான் பக்கம் மாறவில்லை. அதுதான் எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம்.

சிக்னலில் இருக்கும் மின்பலகையில் இன்னமும் 'இன்றைய வலித்தரம்: மோசம்' என்றுதான் ஓடுகிறது. காற்றுக்கு 'வளி' என்று எழுத வேண்டும், 'வலி' என்றால் வேறு என்று மாநகராட்சிக்கு ஐந்து முறை எழுதிவிட்டேன். நாம் பேசிக்கொண்டிருந்த காலத்தில், "அது பிழை இல்ல சகலை, அதுதான் உண்மை" என்று சொன்னீர்கள். அன்றைக்கு நானும் சிரித்தேன். அதற்கும் சேர்த்துத்தான் இப்போது வருந்துகிறேன்.

எதற்குக் கோபம் என்று தெரியாது என்கிறீர்கள். மறதி மாதிரி வசதியான நோய் வேறு கிடையாது. அந்த வாக்கியத்தை என் கையால் எழுத மாட்டேன். அதே சிக்னலில், உங்கள் மாஸ்க்குக்குள்ளிருந்து வந்தது. சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். வாய் மூடியிருந்தால் என்ன? கண் சுருங்கியதை நான் பார்த்தேன்.

சரிபார்க்கப்பட்டது.
(முழுக் கையெழுத்து)

*

நவம்பர் 11, செவ்வாய்

அன்புள்ள சகலைக்கு,

மருந்துக்கடை, மருந்துக்கடை, மருந்துக்கடை. போதுமா? இனி எங்கே விட்டாலும் நீங்களே எடுத்துப் போட்டுக்கொள்ள வசதியாகக் கொஞ்சம் ஒற்றுகள் வைத்து அனுப்புகிறேன்: க் ச் த் ப்.

கடிதம் வந்ததிலிருந்து அந்த வாக்கியம் எதுவாக இருக்கும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறேன். நான் இரவல் வாங்கிய உங்கள் மடக்குக் குடையைப் பற்றியதா? அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தேன்; வீட்டில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதுதான் நிஜம் இல்லை. இல்லை, மாமனாரிடம் உங்களைப் பற்றிச் சொன்னதா? "பெரிய மாப்பிள்ளைக்கு மாத்திரை அட்டையைக் குடுத்தாலும் அதுல பிழை பாத்துட்டுத்தான் முழுங்குவாரு" என்றேன். அவர் ரசித்துச் சிரித்தார், பெருமையாகத்தான் சிரித்தார். அதுவும் இல்லையென்றால் உங்கள் முன்தலையைப் பற்றி ஏதாவது சொன்னேனா? என்னுடையதும் அந்த வழிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது. பின்னால் வருகிறவர் நீங்கள்தானே, பார்த்திருப்பீர்கள்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறீர்கள் என்று உங்கள் வீட்டில் சொல்கிறார்கள். நடக்கும்போதும் கடிக்கிறீர்கள்; சிக்னலில் ஓரக்கண்ணால் பார்த்தேன், மாஸ்க் ஆடுகிறது. இப்படியே போனால் என் மேசைக்குத்தான் வந்து சேர்வீர்கள். சொந்தக்காரர் என்பதற்காகப் பல்லை ஒன்றும் வெள்ளையாக வைத்துத் தர மாட்டேன். உங்கள் வயதுக்கு ஏற்ற மஞ்சளில்தான் செய்வேன்.

ஒரு செய்தி. எங்கள் பல் ஆஸ்பத்திரியில் வேன் வாங்கியிருக்கிறார்கள். ஏசி வேன். டாக்டரம்மா கூப்பிட்டு, "புகையிலயே நடந்து வந்து, வந்ததும் அரை மணி நேரம் தும்மறீங்க. பாதி செஞ்ச பல்லெல்லாம் மேசையில ஆடுது. பேசாம வேன்ல வாங்களேன்" என்றார். தெருமுனையில் ஏற்றிக்கொண்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிக்குள் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தால் வருஷம் பூரா வேன்தான்.

நான் இன்னும் கொடுக்கவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். இவ்வளவு நாளும் நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேதான் நடந்தேன். நீங்கள் வேகமாகப் போனால் நானும் எட்டி நடை போடுவேன். லாரி மறைத்தால் அது நகரும்வரை லேஸ் கட்டுவேன். டிப்போ வாசல் புகையில் நீங்கள் காணாமல் போய், அந்தப் பக்கம் இருமிக்கொண்டே வெளியே வந்ததும்தான் எனக்கு மூச்சு வரும். இதை நடை என்று சொல்ல முடியாது, காவல் வேலை. அலுத்துவிட்டது சகலை. ஒன்று சேர்ந்து நடக்க வேண்டும், இல்லையென்றால் வேனில் உட்கார்ந்து தூங்க வேண்டும்.

என்னவென்று சொல்லிவிடுங்கள். திட்டவாவது ஒரு விஷயம் வேண்டாமா?

உங்கள்
சகலை

*

நவம்பர் 14, வெள்ளி

சகலைக்கு,

குடை பஸ்ஸில் போனது எனக்கு இப்போதுதான் தெரியும். தேடுகிறேன், தேடுகிறேன் என்று இரண்டு மழைக்காலம் சொன்னீர்கள். மாத்திரை அட்டை விஷயமும் புதிது. இரண்டையும் சேர்த்துக்கொள்கிறேன். நான் கேட்டது இரண்டும் இல்லை.

சொல்லிவிடுகிறேன். இனி தெரியாது என்று நீங்கள் சொல்லக் கூடாது.

நான் குறுக்கே கடந்து போன அந்த நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் அச்சகத்தில் தலைமைப் பிழைதிருத்துநர் யார் என்று அறிவித்தார்கள். அந்த நாற்காலிக்கு நான் எவ்வளவு காலம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். கொடுத்தது கமாவுக்கு. மூச்சு விடும் இடத்திலெல்லாம் காற்புள்ளி போடுவதால் நான் பெயர் வைத்த அதே கமா. நான் வேலை சொல்லிக் கொடுத்த பையன். என் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவன். எல்லோரும் கைதட்டும்போது நானும் தட்டினேன்.

வீட்டில் சொல்லவில்லை. இரவு முழுவதும் சொல்லவில்லை. காலையில் உங்களிடம்தான் முதலில் சொன்னேன். தெருமுனையில் ஆரம்பித்தேன், பேக்கரி, டயர் கடை, வங்கி என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நீங்கள் "ம்" என்றீர்கள். திரும்பவும் "ம்" என்றீர்கள். வழக்கமாக உங்கள் வாய் சும்மா இருக்காது. சரி, கேட்கிறார், கேட்டுவிட்டு ஏதாவது சொல்வார் என்று இருந்தேன். சிக்னலுக்கு வந்தோம். "இனிமே நான் அங்க என்ன செய்யறது சொல்லுங்க" என்று கேட்டேன். நீங்கள் என் தோளில் கைவைத்து ஓரமாகத் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்:

"வழிய விடுங்க சகலை, சின்னவங்க போகட்டும்."

எந்த வாக்கியத்தையும் நான் திருத்தாமல் விட்டதில்லை. இதை மட்டும் நீங்கள் பேசியபடியே வைத்திருக்கிறேன். சொல்லிவிட்டுக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தீர்கள். பச்சை விழுந்தது. நான் கடந்து போய்விட்டேன்.

அந்த வார்த்தையை முதலாளி சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கமாவே சொல்லியிருந்தாலும் அதில் ஒரு காற்புள்ளி போட்டுக் கொடுத்திருப்பேன். சொன்னது நீங்கள்.

வேனில் ஏறிக்கொள்ளுங்கள். கண்ணாடி மூடியிருக்கும். யாருக்கும் வழி விடத் தேவையில்லை.

சரிபார்க்கப்பட்டது.
(முழுக் கையெழுத்து)

*

நவம்பர் 19, புதன்

அன்புள்ள சகலைக்கு,

உங்கள் கடிதம் திங்களன்று வந்தது. இதை மட்டும் என் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. பதில் எழுத இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன், வரவில்லை. நான் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று நம்பவும் முடியவில்லை, சொல்லவில்லை என்று அடித்துச் சொல்லவும் ஞாபகம் இல்லை. இன்று காலை நடந்ததற்குப் பிறகு எழுத வருகிறது.

பேக்கரிக்கு முன்னால் வடிகால் குழாய்களை அடுக்கிவைத்திருக்கிறார்களே, பாதை ஒடுங்கும் இடம். நான் பேக்கரி அம்மாவிடம் பேசிக்கொண்டு நட்ட நடுவில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல். ஒரு வருடத்துக்கு மேல் ஆனாலும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. திரும்பினால், நீங்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கி, கையை ஆட்டிக் கத்துகிறீர்கள்:

"சகலை! வழிய விடுங்க, சின்னவங்க போகட்டும்!"

நகர்ந்தேன். மழலையர் பள்ளிப் பிள்ளைகள், ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்கள். முன்னால் ஒரு டீச்சர், பின்னால் ஒரு டீச்சர். எல்லா முகத்திலும் குட்டி மாஸ்க். கடைசிப் பிள்ளை என்னிடம் "தேங்க்ஸ் அங்கிள்" என்றது. உங்களிடம் "தேங்க்ஸ் தாத்தா" என்றது. அதற்கும் என்மேல் கோபப்படாதீர்கள்.

அந்தக் கயிறு வளைவில் திரும்பும்வரை நீங்கள் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். அச்சாகி வந்த புத்தகத்தின் அட்டையிலேயே பிழையைக் கண்டவர் மாதிரி இருந்தது உங்கள் முகம். நான் லேஸ் கட்டக் குனிந்தேன். இந்தத் தடவை நிஜமாகவே அவிழ்ந்திருந்தது.

சாயங்காலம் பள்ளி வாசலில் பின்வரிசை டீச்சரைப் பார்த்துக் கேட்டேன், போன வருஷமும் இந்த வழியாகத்தான் போனீர்களா என்று. "எப்பவும் இந்த ரோடுதான் சார். உங்க கூட ஒருத்தர் வருவாரே, பேச ஆரம்பிச்சா பாதையையே அடைச்சுக்கிட்டு நிப்பாரு. நீங்கதான் அவரைத் தோளைப் பிடிச்சு நகர்த்தி விடுவீங்க. இப்பல்லாம் அவரு வர்றதில்லையா?" என்றார்.

கண் சுருங்கியது புகைக்கு. நான் சிரித்தால் கண் சுருங்காது, தண்ணீர் வரும். உங்கள் மனைவியின் தங்கையைக் கேளுங்கள்.

"ம்" மட்டும் சொன்னேன் என்பது உண்மைதான். அது ஞாபகம் இருக்கிறது. எப்போதும் வாயில் வருவது எதுவும் அன்றைக்கு வரவில்லை. நீங்கள் அப்படி உடைந்து பேசி நான் கேட்டதில்லை. என்ன சொல்வது என்று தெருமுனையிலிருந்து யோசித்துக்கொண்டே வந்தேன். ஒன்று தோன்றியது. சிக்னல் தாண்டியதும், சத்தம் குறைகிற இடத்தில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நீங்கள் சிக்னலிலேயே போய்விட்டீர்கள்.

உங்கள் பக்கம் வேலை முடிந்துவிட்டது. சொன்ன நாளில் முடித்திருக்கிறார்கள், இந்த ஊருக்கு என்ன ஆயிற்றோ தெரியவில்லை. திங்கட்கிழமை திறக்கிறார்களாம். வழவழவென்று புதுக்கல். உங்கள் பக்கம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. வேனுக்குப் பெயர் கொடுக்க அடுத்த வெள்ளி கடைசி. நீங்கள் எந்தப் பக்கம் நடக்கப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை. வெள்ளிக்குள் தெரிந்தால் எனக்கு உபயோகமாக இருக்கும்.

உங்கள்
சகலை

*

நவம்பர் 23, ஞாயிறு

சகலைக்கு,

உங்கள் கடிதத்தைத் திருத்தவில்லை. சிவப்பு மை தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனுப்பிய நான்கு ஒற்றுகளும் பத்திரமாக இருக்கின்றன.

முதலில் 'தாத்தா'. அந்தப் பிள்ளைக்குக் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டீச்சரிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்கும் எனக்கும் இரண்டே வயதுதான் வித்தியாசம். நீங்கள் அங்கிள் ஆனது மாஸ்க் செய்த உதவி.

அடுத்தது இலக்கணம். 'சின்னவங்க' என்றால் யார் என்று வாக்கியத்தில் தெளிவாக இருக்க வேண்டும். 'பின்னால் வரும் பிள்ளைகள் போகட்டும்' என்று சொல்லியிருந்தால் ஒரு வருடமும், பல காலர்களும் மிச்சமாகியிருக்கும். புதன்கிழமை நான் சொன்னபோதும் தெளிவாக இல்லைதான். ஆனால் நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். பார்த்தால் தெரிந்துவிடுகிற விஷயம்தான் அது.

நேற்று யாருக்கும் சொல்லாமல் என் பக்கத்துப் புது நடைபாதையைப் பார்க்கப் போனேன். கயிறு கட்டியிருந்தார்கள், காவல்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தேன். ஒரு கல் ஆடவில்லை. அகலமாக இருக்கிறது, யார்மீதும் இடிக்காமல், யாருக்கும் வழி விடாமல், மனிதன் நிம்மதியாகப் போகலாம். டிப்போ வாசலில் ஒரு பஸ் வழக்கம்போல என் முகத்தில் பெருமூச்சு விட்டது. எதிர்ப்பக்கம் டயர் கடைக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டு, "லாரி எப்ப சார் வருது?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "வடிகால் முடியட்டும்னு நிக்குது" என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் சிரித்தார். எனக்கும் வந்துவிட்டது.

அந்தப் பாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை. குறை இல்லாத பாதையில் நான் யாரிடம் என்ன பேசிக்கொண்டு போவது?

வேனைப் பற்றி நான் கருத்துச் சொல்வது முறையல்ல. ஆனாலும் மூடிய வண்டிக்குள் நீங்கள் தும்மினால் மற்றவர்கள் என்ன ஆவார்கள் என்று டாக்டரம்மா யோசித்தாரா என்று தெரியவில்லை. நல்ல மாஸ்க் ஒன்று வாங்கினால் தும்மல் நிற்கும். வால்வு ஊதாத மாஸ்க் மருந்துக்கடையில் இருக்கிறது. நேற்று வரும் வழியில் பார்த்தேன். இரண்டாக வாங்கினால் விலை குறைவு என்றார் கடைக்காரர், வாங்கிவிட்டேன். வீட்டில் சும்மாதான் கிடக்கிறது.

அந்த ஒரு பஸ் நீள நிபந்தனையை மறுபரிசீலனை செய்யலாம் என்று இருக்கிறேன். ஒரு ஸ்கூட்டர் நீளம் போதும் என்று தோன்றுகிறது. ஒடுங்கிய இடங்களில் அதுவும் கடினம்.

சிக்னல் தாண்டியதும் ஏதோ சொல்லலாம் என்று வைத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது என்னவென்று எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். அது நடந்துகொண்டே கேட்க வேண்டியது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். "அந்தத் தபால்பெட்டி அவங்க வீட்டைத் தாண்டித்தான் இருக்கு. பெட்டியில போடப் போறவரு அப்படியே கதவைத் தட்டிக் குடுத்துட்டு வரக்கூடாதா?" என்றாள். முறை என்று ஒன்று இருக்கிறது என்றேன். "ஆமா, முறை" என்று சொல்லிவிட்டுப் போய்த் தங்கைக்குப் போன் போட்டாள். இப்போது உள்ளே ஸ்பீக்கரில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. நீங்கள் பின்னணியில் தும்முவதும் கேட்கிறது.

எழுதியதை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். எழுத்துப்பிழை இல்லை, ஒற்றுப்பிழை இல்லை. 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். எழுத முடியவில்லை. இதில் ஒரு வாக்கியம் விடுபட்டிருக்கிறது. எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியும். என்ன வாக்கியம் என்றும் தெரியும். மூன்று முறை எழுதிப் பார்த்து மூன்று முறையும் அடித்துவிட்டேன். அதனால்தான் இது நான்காவது தாள்.

விடுபட்டிருப்பது தெரிந்தே கையெழுத்துப் போட்டால் நான் இத்தனை காலம் பார்த்த வேலைக்கு அர்த்தம் இல்லை. ஆகவே இதைக் கையெழுத்து இல்லாமலே தபாலில் போடுகிறேன். அப்படிப்பட்ட தாள் எந்த மேசைக்குத் திரும்பி வர வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்; தபாலில் வேண்டாம்.